இணையதளத்தைத் தனி ஆப்பாக ஓட்டுவது: வேலூர்ப் பக்க லினக்ஸ் அனுபவங்கள் (ஒவ்வொரு பகுதியும் அந்தந்த ஊர்க்காரர் சொன்னது)

காட்பாடி:
பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் (லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு வகை) சுலபம். 20.1 பதிப்பிலிருந்து, இணையதளத்தைத் தனி ஜன்னலில் ஓடும் ஆப்பாக மாற்றும் 'வெப் ஆப்ஸ்' கருவி கூடவே வருகிறது. பெயர், முகவரி, ஐகான், பிரவுசர் கொடுத்தால் மெனுவில் ஏறிவிடும். கவனிக்க வேண்டியது தனிப் புரொஃபைல் (பிரவுசர் தன் குக்கி, லாகின், அனுமதிகளை வைக்கும் இடம்) சுவிட்ச். ஆன் செய்தால் தனிக் குக்கி, தனி லாகின்; கடை நம்பரும் சொந்த நம்பரும் இரண்டு வாட்ஸ்அப் ஜன்னலாக ஓட இதுதான் வழி. ஆனால் ஒவ்வொன்றும் பிரவுசரையே இன்னொரு தடவை முழுசாக எழுப்பும். 4 ஜிபி ரேமில் மூணு நாலு திறந்தால் ஸ்வாப்பில் (ரேம் போதாமல் டிஸ்க்கைப் பயன்படுத்துவது) விழுந்து மெஷின் இழுக்கும். ரயில் டிக்கெட்டுக்கெல்லாம் ஆஃபே போதும். இன்னொன்று, பழைய புரொஃபைலில் கொடுத்த பாப்அப் அனுமதி புதியதில் இருக்காது. ரசீது திறக்காவிட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

குடியாத்தம்:
அண்ணா, டெபியனில் (இன்னொரு லினக்ஸ் வகை) அந்தக் கருவி இல்லாமலே முடியுமா?

ராணிப்பேட்டை:
தாராளமாக, தம்பி. ஹோமுக்குள் (உங்கள் சொந்த ஃபோல்டர்) புள்ளியில் தொடங்கும் லோக்கல், அதில் ஷேர், அதில் அப்ளிகேஷன்ஸ். அங்கே ஒரு .டெஸ்க்டாப் கோப்பு (மெனுவில் ஆப்பைக் காட்டும் சிறு உரைக் கோப்பு) உருவாக்குங்கள். எக்ஸெக் வரியில் (எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் வரி) குரோமியம் பிரவுசர், பிறகு --ஆப்= போட்டு எச்டிடிபிஎஸ்ஸோடு முழு முகவரி (-- என்று தொடங்கும் ஃபிளாக் எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து). லாகின் தனியாக வேண்டுமானால் --யூசர்-டேட்டா-டிர்= சேர்க்கவும். இந்த வரி ஷெல் (டெர்மினலில் கட்டளைகளைப் புரிந்து ஓட்டும் நிரல்) வழியாகப் போகாது. அதனால் ஹோமைக் குறிக்கும் ~ குறி வேலை செய்யாது, முழுப்பாதை எழுத வேண்டும். முகவரியில் % வந்தால் %% என்று இரட்டிக்க வேண்டும். நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

அடுத்த தலைவலி டாஸ்க்பார். புது ஜன்னல் குரோமியம் ஐகானுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்ளும். கோப்பில் இருக்கும் ஸ்டார்ட்அப்-டபிள்யூஎம்-கிளாஸ் பெயரும் ஜன்னலின் கிளாஸ் பெயரும் (அது எந்த ஆப்புடையது என்று காட்டும் பெயர்) எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எக்ஸ்11-இல் (திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய அமைப்பு) எக்ஸ்பிராப் கட்டளை கொடுத்து ஜன்னலைக் கிளிக் செய்தால் பெயர் தெரியும். --கிளாஸ்= கொடுத்தும் மாறவில்லையா? அதே புரொஃபைலில் குரோமியம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். புதுக் கட்டளை அந்தப் பழைய பிராசஸிடம் கைமாறிவிடும், கிளாஸ் காற்றில் போய்விடும். தனிப் புரொஃபைல் கொடுத்தால் சரியாகும். அதற்கு மாற்றாக வந்த வேலண்டில் எக்ஸ்பிராப் உதவாது. க்னோம் டெஸ்க்டாப்பில் ஆல்ட்+எஃப்2 அழுத்தி, எல்ஜி (lg) என்று தட்டி, விண்டோஸ் (ஜன்னல்கள்) தாவலில் வரும் பெயரை அப்படியே நகலெடுங்கள்.

ஆம்பூர்:
உபுண்டுவில் 19.10 முதல் குரோமியம் ஸ்நாப்பாகத்தான் (கட்டுப்பாட்டுக்குள் ஓடும் ஒரு பொதி வகை) வருகிறது. ஹோமில் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டருக்குள் அது எழுத முடியாது. புரொஃபைலை அங்கே வைத்தால் திறக்காது. ஸ்நாப் ஃபோல்டருக்குள் குரோமியம், காமன் என்று போய் அதில் வையுங்கள்.

இணையதளத்தை ஆப்பாக மாற்றும் இன்னொரு கருவியான நேட்டிவ்ஃபையர் பக்கம் போக வேண்டாம். 2023-இல் அந்தத் திட்டமே மூடிவிட்டது. ஒவ்வொரு ஆப்புக்குள்ளும் ஒரு முழு எலக்ட்ரான் (குரோமியத்தை உள்ளடக்கிய ஆப் கட்டமைப்பு) உட்கார்ந்திருக்கும். சிஸ்டம் அப்டேட் அதைத் தொடாது. பாதுகாப்புத் திருத்தம் வராததால் பேங்க் தளத்தை அதில் திறப்பது சுத்தமாகக் கூடாது.