வாளி காலியாகவே இருக்கிறது, தூள் எல்லாம் பில்டரில்: எங்கே கோளாறு?

சீவுளி:
வீட்டோடு ஒட்டிய சின்ன அறைதான் என் மரவேலைப் பட்டறை. டேபிள் சா (மேசை ரம்பம்), பலகையைச் சீவும் திக்னஸ் பிளானர், உப்புத்தாள் தேய்க்கும் ராண்டம் ஆர்பிட்டல் சாண்டர், இவ்வளவுதான் மெஷின். தூசிக்கு ஒரு வெட் அண்ட் டிரை வேக்குவம், அதற்கு முன்னால் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, மூடி மேல் காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சின்ன சைக்ளோன். டேபிள் சாவின் வாய் 4 இன்ச் என்பதால் சுவரோரமாக 4 இன்ச் பிவிசி பைப் ஓட்டி, வாளிக்குப் பக்கத்தில் ரெடியூசர் போட்டு 2 இன்ச் ஹோஸில் சேர்த்திருக்கிறேன். நடுவில் மூன்று எல்போ.

ஹோஸைக் கழற்றி வாயில் உள்ளங்கையை வைத்தால் தோலைப் பிடித்து இழுக்கிறது. ஆனால் சாவில் பலகையை ஓட்டினால் பாதித் தூள் சாவின் கீழ்ப்பெட்டியான கேபினெட்டுக்குள்ளேயே குவிகிறது. இது ஒன்று. இன்னொன்று, வாளியில் ஒரு கைப்பிடி கூடச் சேருவதில்லை, எல்லாம் நேராக வேக்குவத்துக்குள் போய் பில்டரை அடைக்கிறது, எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அறுத்தால் கேட்கவே வேண்டாம். சைக்ளோனே உதவாத சரக்கா? இதைவிடப் பெரிய வேக்குவம் வாங்கினால் சரியாகுமா?

ரம்பப்பல்:
எதையும் வாங்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு.

வாளி காலியாக இருந்தால் முதல் சந்தேகம் காற்றுக் கசிவுதான். சைக்ளோனுக்குள் காற்று சுழலும்போது தூள் ஓரம் ஒதுங்கிக் கீழே இறங்கும், காற்று நடுவழியாக மேலேறும். வாளியில் எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று அது வழியாக உள்ளே புகுந்து, விழுந்த தூளையும் கிளப்பிக்கொண்டு மேலே போய்விடும். ஊசி நுழையும் ஓட்டை போதும், பிரிப்பது கெட்டுப்போகும். மூடியின் ரப்பர், சைக்ளோன் உட்காரும் இடத்தின் போல்ட் துளைகள், இரண்டையும் பாருங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க இழுக்கும் பக்கத்தில் தேடாதீர்கள். வேக்குவத்தில் காற்று வெளியே வரும் வாய் இருக்கிறதல்லவா, ஹோஸை அதில் மாட்டி வாளிக்குள் ஊதவிடுங்கள். மறுமுனையைத் துணியால் அரைகுறையாக அடைத்துவிட்டு மூட்டுகளில் சோப்பு நுரை தடவினால் கசியும் இடத்தில் குமிழ் வரும். முன்னதாக பில்டரைச் சுத்தம் செய்துவிடுங்கள், இல்லையென்றால் அறை முழுக்கப் புழுதி.

மரப்புழு:
ரம்பப்பல் அண்ணன் சொன்னது வாளிக்கு. சாவுக்கு என் கணக்கு இது.

கையைப் பிடித்து இழுப்பது அழுத்தம். தூளைத் தூக்கிக்கொண்டு போவது காற்றின் வேகமும் அளவும். வேக்குவத்தின் பலமே அழுத்தம்தான், அது நகர்த்தும் காற்று குறைவு. ஹோஸ், பில்டர் எல்லாம் போட்ட பிறகு நிமிடத்துக்கு 100 கன அடி வருகிறது என்று வையுங்கள். 2 இன்ச் ஹோஸில் அந்தக் காற்று நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் ஓடும். அதே காற்றை 4 இன்ச் பைப்பில் விட்டால் நொடிக்கு 6 மீட்டர் கூட வராது. படுக்கைவாட்டில் ஓடும் பைப்பில் மரத்தூள் தங்காமல் போக நொடிக்கு 20 மீட்டர் அளவுக்கு வேகம் வேண்டும். உங்கள் பிவிசியைக் கழற்றிப் பாருங்கள், அடியில் தூள் மெத்தை மாதிரி படிந்திருக்கும்.

அகலமான பைப் நல்லது என்று படித்திருப்பீர்கள். டஸ்ட் கலெக்டருக்கு, அதாவது தூசி இழுக்கவே செய்த பெரிய விசிறி மெஷினுக்கு, அது சரி, அது காற்றை அள்ளிக் கொடுக்கும், அழுத்தம் கம்மி, அதை 2 இன்ச்சில் நெரித்தால் செத்துவிடும். வேக்குவத்துக்கு நேர் எதிர். ஆகவே 4 இன்ச் வரிசையை இப்போதைக்கு விட்டுவிட்டு வாளியைச் சாவுக்குப் பக்கத்தில் தள்ளி, ஹோஸைக் குட்டையாக நேராக மாட்டுங்கள். உள்ளே வளையம் வளையமாக இருக்கும் ஹோஸ் காற்றை நிறையத் தின்னும், நீளத்தை வெட்ட முடிந்தால் வெட்டுங்கள்.

வேக்குவத்தின் சத்தத்தையும் கவனியுங்கள். கீச்சென்று ஏறினால் எங்கோ அடைப்பு. காற்று ஓடாதபோது மோட்டாருக்குச் சுமை குறைந்து வேகம் கூடுவதால் வரும் சத்தம் அது, பலம் கூடிவிட்டது என்று நினைத்து அப்படியே ஓட்டினால், இழுக்கும் காற்றிலேயே குளிரும் வகை மோட்டார் சூடாகிவிடும்.

தேக்குக்கிறுக்கன்:
பிவிசியில் ஸ்டாடிக் வரும், தூள் வெடிக்கும், உள்ளே செம்புக் கம்பி ஓட்டி எர்த் பண்ணாமல் தொடவே கூடாது என்கிறார்களே?

மரப்புழு:
கையில் சுளீர் என்று அடிப்பது உண்மை, கம்பி ஓட்டினால் தப்பில்லை. ஆனால் வீட்டுப் பட்டறையில் நான் பயப்படுவது வேறு. ஆணி இருக்கும் பழைய மரத்தை அறுத்தாலோ, கிரைண்டரை அதே ஹோஸில் மாட்டினாலோ பொறி போய் வாளித் தூளில் உட்கார்ந்து உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும், நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பீர்கள். கிரைண்டரை அதில் மாட்டவே மாட்டாதீர்கள்.

சீவுளி:
நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். சோப்பு நுரையில் மாட்டியது: மூடியின் ரப்பர் ஓரிடத்தில் மடிந்திருந்தது, சைக்ளோனின் ஒரு போல்ட்டைச் சுற்றியும் குமிழ். ரப்பரை நேராக்கி, போல்ட்டுக்கு வாசரும் சிலிக்கானும் போட்டேன். இப்போது தூள் வாளியில் விழுகிறது, பில்டரில் மாவு மாதிரிப் படலம் மட்டும். குட்டை ஹோஸில் சாவின் கேபினெட்டும் பெருமளவு சுத்தம். 4 இன்ச் பைப்பில் நீங்கள் சொன்ன மெத்தை அப்படியே இருந்தது.

மிச்சம் இரண்டு: பிளேடுக்கு மேலே முகத்தில் தெறிக்கும் தூள், அப்புறம் பிளானர். சீவல் வந்தால் ஹோஸ் உடனே அடைத்துக்கொள்கிறது.

ரம்பப்பல்:
மேலே தெறிப்பதைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்க முடியாது, பற்கள் அதை உங்கள் பக்கமாக வீசுகின்றன. பிளேடை மூடும் கார்டிலேயே ஹோஸ் வாய் உள்ளதாகப் பார்த்து இரண்டாவது இழுப்பு கொடுக்க வேண்டும்.

பிளானருக்கு வேக்குவம் தோதுப்படாது. டஸ்ட் கலெக்டர் வாங்கினால் அப்போது உங்கள் 4 இன்ச் பைப்புக்கு வேலை வரும், எல்போ இருக்கும் இடத்தில் இரண்டு 45 டிகிரி வளைவு, ஒவ்வொரு மெஷினின் கிளைப் பைப்பையும் அடைக்கும் தகட்டில் (கேட்) ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் திறப்பு. வாங்கும்போது மோட்டாரைவிடப் பையைப் பாருங்கள். 30 மைக்ரான் துணிப் பை என்றால் சீவலைப் பிடித்துக்கொண்டு நுண்தூளை அறை முழுக்கத் தூவும், 1 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் பில்டர் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள்தான் மணிக்கணக்கில் மிதந்து நுரையீரலுக்குப் போகிறது, மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் பட்டியலில், சேர்த்துவிட்டது.

சீவுளி:
அப்படியானால் கலெக்டர் வரும்வரை சாண்டர்?

ரம்பப்பல்:
சாண்டருக்கு உங்கள் வேக்குவம்தான் சரியான ஜோடி. பேடின் துளையும் தாளின் துளையும் நேராக இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள், பில்டருக்கு முன்னால் ஒரு நுண்தூள் பையும் மாட்டுங்கள். மாஸ்க் போடுங்கள், வேலை முடித்துக் கூட்டும்போதும் கழற்றாதீர்கள்.