கிரேப் தாளுக்குச் சுருக்குத்தாள் போதுமே

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு நாள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் கிரேப் தாளுக்கு, அதாவது பூ செய்யவும் தோரணம் கட்டவும் வாங்குகிற, இழுத்தால் நீளும் சுருக்கம் விழுந்த தாளுக்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு ஏழு சொல் வரிசைகட்டி நிற்கின்றன. என் பங்குக்கு எட்டாவது ஒன்றும் கொண்டுவரவில்லை; இருப்பதில் ஒன்றுக்குக் கை தூக்குகிறேன், அவ்வளவுதான்.

> திரைத்தாள் என்றால் என்ன குறை? நரை, திரை என்கிறோமே.

அழகான சொல்தான் ஐயா. ஆனால் இன்றைக்குத் திரை என்றதும் சினிமாவோ கைப்பேசியோதான் கண்முன் வரும். திரைத்தாள் வாங்கி வா என்று ஒரு பிள்ளையை அனுப்பினால், கைப்பேசிக் கண்ணாடிமேல் ஒட்டுகிற தாளோடு திரும்பி வரும்.

நெளிதாளையும் விட்டுவிடலாம். அட்டைப்பெட்டிக்குள் அலையலையாக இருக்கிறதே, அந்தத் தாளுக்கு அது வேண்டும். அதைப் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே அழுத்தி, தட்டைத் தாளோடு ஒட்டி இறுக்கிவிடுகிறார்கள். அங்கே அலை, பெட்டி விறைப்பாக நிற்பதற்கு. கிரேப் தாளில் இருப்பதோ இழுத்தால் இளகி நீளுகிற மடிப்பு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பின்னால் நாமே குழம்புவோம்.

கொசுவத்தாள் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொசுவம் என்பது எண்ணி, அளவாக எடுக்கிற மடிப்பு. வண்டியின் காற்று வடிகட்டிக்குள் விசிறிபோல மடித்த தாள் இருக்குமே, அதற்கு வைத்துக்கொள்வோம்.

இனி முக்கியமான கேள்வி. இந்தத் தாளின் எந்தக் குணத்தைப் பெயரில் பிடிப்பது? ஒரு ரோஜா இதழ் வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுருக்குக் கோடுகள் இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓடும்படி வெட்ட வேண்டும். இரண்டு கட்டைவிரலையும் நடுவில் வைத்துப் பக்கவாட்டில் மெல்ல இழுத்தால், நடுப்பகுதி மட்டும் விரிந்து குழியும். சுற்றி ஓரம் அப்படியே நிற்கும். மேல்விளிம்பை மட்டும் விரல்நுனியால் இழுத்துவிட்டால் அது தனியே அலை அலையாக நெளியும். முதல் தடவை நான் கோடுகளைக் குறுக்கே போட்டு வெட்டிவிட்டேன். பன்னிரண்டு இதழில் ஒன்றுகூடக் குழியவில்லை. இழுக்க இழுக்க மேலும் கீழுமாக நீண்டு, நாக்கை நீட்டிய மாதிரி நின்றன. போதாக்குறைக்குப் பசையின் ஈரம் பட்டுச் சிவப்புச் சாயம் விரலெல்லாம்.

ஆக, இந்தத் தாள் தன் சுருக்கத்துக்குள் நீளத்தைப் பதுக்கி வைத்திருக்கிறது, அதுவும் ஒரே திசையில். எப்படிப் பதுக்குகிறது? ஈரத்தாளைச் சூடான உருளையில் ஒட்டவிட்டு, எதிரே ஒரு கத்தியை வைத்துப் பெயர்த்தெடுக்கிறார்கள். தரையில் தள்ளிய பாய் சுவரில் முட்டி மடிவதுபோல, தாள் கத்தியில் முட்டிக் குவிகிறது. உருளையிலிருந்து 100 மீட்டர் வந்து, மறுபக்கம் 80 மீட்டராகச் சுற்றப்படுகிறது என்று வையுங்கள். மீதி 20 மீட்டர் மடிப்புக்குள் இருக்கிறது. இழுத்தால் கால் பங்கு நீளும். பூ செய்பவர்கள் தேடுகிற கனமான வகை, உறையில் 180 கிராம் என்று போட்டிருப்பது, இரண்டு மடங்குக்கு மேலேயே விரியும். தோரணத்துக்கு முறுக்கிக் கட்டுகிற மெல்லிய நாடா அவ்வளவு விரியாது. முறுக்கு நின்றால் போதும் அதற்கு.

> செய்முறையை வைத்தே சுரண்டுதாள் எனலாமே?

வேண்டாம். கத்தியே இல்லாமலும் இதைச் செய்திருக்கிறார்கள். ஜப்பானில் ஹசெகவா தகெஜிரோ 1885 முதல் வெளியிட்ட தேவதைக் கதைப் புத்தகங்களில், படம் அச்சிட்ட தாளை அப்புறம்தான் அழுத்திச் சுருக்கினார்கள். பக்கமும் சிறுத்தது, படமும் சேர்ந்து சிறுத்தது. கத்தி இல்லை, சுரண்டல் இல்லை, ஆனால் தாள் அதே மாதிரித் தாள்தான்.

மீதி இருப்பவை மூன்று: சுரிதாள், சுருங்குதாள், சுருக்குத்தாள்.

சுரிதாளுக்குச் சொற்பிறப்பு வலு உண்டு. கிரேப் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சுருண்ட என்று பொருள்படும் லத்தீன் சொல்தான் மூலம். நம்மிடம் சுரிகுழல் (சுருண்ட கூந்தல்) இருக்கிறது. ஆனால் இந்தத் தாள் சுருள்வதில்லையே. தாள்கீற்றைச் சுருட்டிச் செய்கிற கைவேலை வேறே இருக்கிறது. பெயரைக் கேட்பவர் அதைத்தான் நினைப்பார்.

சுருங்குதாளில் இலக்கணமே இடிக்கிறது. வினைத்தொகை முக்காலத்துக்கும் பொருந்த வேண்டும். இந்தத் தாளோ சுருங்கி முடித்துவிட்டது. இனிமேல் அது விரியத்தான் போகிறது. சூடு காட்டினால் இறுகிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறைக்குச் சுருங்குபடலம் என்று வைத்தால் கச்சிதமாக இருக்கும்.

சுருக்குத்தாளில் சுருக்கு பெயர்ச்சொல். சுருக்குப்பை மாதிரி. வாயை இழுத்தால் பை விரிகிறதே, அந்த நினைவும் சேர்ந்தே வருகிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: த் கட்டாயம் வேண்டும். அதை விட்டுச் சுருக்குதாள் என்று எழுதினால், வேறு எதையோ சுருக்குகிற தாள் ஆகிவிடும்.

சொல் குட்டி போடுமா என்றும் பார்த்தேன். சுருக்கிடுதல், சுருக்குக் கத்தி, சுருக்கு விகிதம், சுருக்கோட்டம் (கோடுகள் போகிற திசை) எல்லாம் சிரமமில்லாமல் வருகின்றன. 3எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ 1925இல் வண்டிக்கு வண்ணம் அடிப்பவர்களுக்காக உருவாக்கிய மறைப்பு நாடாவின் (மாஸ்கிங் டேப்) முதுகும் இந்தத் தாள்தான். வளைவில் ஒட்டும்போது மடிப்பு இளகிக் கொடுப்பதால் அது திரும்புகிறது. சுருக்குத்தாள் நாடா என்றால் அங்கேயும் உறுத்தவில்லை.

> துணி, கட்டு, ரப்பர், தோசை எல்லா கிரேப்புக்கும் ஒரே சொல் வேண்டாமா?

துணிக்கும் காயக்கட்டுக்கும் சுருக்குத்துணி சரிவரும் அம்மா. அந்த பிரெஞ்சுத் தோசையை விட்டுவிடுங்கள், அது கிரேப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ரப்பரைப் பற்றி அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொன்னால்தான் உண்டு.

சுருக்கோட்டம் மட்டும் எனக்கே கொஞ்சம் நெருடுகிறது. சுருக்கமான ஓட்டம் என்று யாராவது படித்துவிடுவார்களோ? வேறு தோன்றினால் எழுதுங்கள்.