ரைஃபிளை உறைக்குள் போட்டுவிட்டுப் போனை எடுத்தார்: மான் பார்த்த அனுபவங்கள்

மேட்டுநிலவாசி:

ஆண் மான்கள் முழங்கிச் சண்டை போட்டு இணைசேரும் ரட் சீசன் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் நடுவில், இன்வர்னஸுக்கு மேற்கே ஓர் எஸ்டேட். அங்கே ஸ்டாக்கராக, அதாவது மானைப் பதுங்கிப் போய்ச் சுடுகிறவராக, வேலை பார்ப்பவர் எனக்குப் பழக்கம். சத்தம் போடாமல் வருவதென்றால் வா என்றார். ஆண் மானைச் சுடக் கூடாத தடைக்காலத்தை ஸ்காட்லாந்தில் 2023-இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் இவர்கள் இன்னும் அக்டோபர் 20-ஓடு சுடுவதை நிறுத்துகிற பழைய கணக்கில்தான் இருக்கிறார்கள். அதனால் அவருக்குக் கொஞ்சம் அவசரம். கொம்பு தேய ஆரம்பித்த கிழ ஆண் ஒன்றைக் கணக்கில் வைத்திருந்தார்.

காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி பார்த்து, ஓடைக்குள்ளேயே குனிந்து போனோம். கடைசித் துண்டு வயிற்றால் ஊர்ந்து. மேட்டில் தலையைத் தூக்கினால் அவர் தேடிய அதே மான். கரிச்சேற்றுக் குழியில் புரண்டுவிட்டு அப்போதுதான் எழுந்திருக்கிறது. உடம்பெல்லாம் கருப்பு, அடிவயிற்று மயிரிலிருந்து சேறு சொட்டுகிறது. கழுத்தை நீட்டி ஒரு முழக்கம், வாயிலிருந்து ஆவி. எதிர்ச் சரிவிலிருந்து இளசு ஒன்று பதில் கொடுத்துக்கொண்டே இறங்கி வந்தது. இரண்டும் உடனே முட்டிக்கொள்ளவில்லை. பக்கம் பக்கமாக, ஒன்றையொன்று நேரே பார்க்காமல், விறைத்த காலோடு மேலும் கீழும் நடந்தன. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் செம்மான்களைப் பற்றி நடந்த ஆய்வுகளைப் படித்தவர்களுக்கு இந்த நடை தெரிந்திருக்கும்.

தூரம் சரி, கோணமும் சரி. அவர் சுடவில்லை. ரைஃபிளை உறைக்குள் போட்டார். பழைய பித்தளைத் தொலைநோக்கியை இழுத்து நீட்டி, அதன் முனையில் போனை ஒட்டிப் பிடித்துக்கொண்டார். இளசு தோற்று ஓடும்வரை எடுத்தார். சின்ன வயதிலிருந்து இதே மலையில் மான் சுட்டுச் சம்பளம் வாங்குகிற மனுஷன். பிறகு அந்த வீடியோவை எனக்கு அனுப்பினார். மான் முழங்கும்போதெல்லாம் அவர் மூச்சுக்குள்ளேயே சிரிப்பது அதில் கேட்கிறது. அந்தச் சிரிப்புதான் என்னை விடமாட்டேன் என்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

தேம்ஸ்கரை:

வடிவாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணை, ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. அடுத்த கிழமை அதே மானைச் சுடப் போகிறவர், இன்றைக்குப் படம் எடுத்தால் அது ரசனையா? சும்மா கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

நான் லண்டனில் மான்கள் திரிகிற ரிச்மண்ட் பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஒருநாள் விடியப்புறம் பனிமூட்டத்தில் செம்மான் ஒன்று பன்னம் என்கிற பெரணிச் செடியைக் கொம்பால் கிழித்துக்கொண்டு நின்றது. தலையை நிமிர்த்தினால் இரண்டு கொம்பிலும் முறுகின இலைகள் முடி சூட்டின மாதிரித் தொங்குகின்றன. அதில் ஒரு தண்டு கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது, அதைத் தட்டிவிடத் தெரியாமல் தலையைத் தலையைச் சிலுப்பியது. பயமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஐம்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று பார்க்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளே ஒருவர் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கப் போகிறார்! அந்த மானை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை, அந்தாளைப் பார்த்து ஏசுவதிலேயே நேரம் போய்விட்டது.

ஆனாலும் எனக்கு என்ர கமரா போதும். துவக்கு வேண்டாம்.

மரமேடை:

தேம்ஸ்கரை, கோபப்படாதீர்கள். நீங்கள் பார்த்த ரிச்மண்ட் மான்களையும் சுடத்தான் செய்கிறார்கள். நவம்பரிலும் பிப்ரவரியிலும் இரவில் வாசலைப் பூட்டுவது எதற்கு என்று நினைத்தீர்கள்? ஓநாய் இந்த நாட்டை விட்டுப் போய் முந்நூறு வருஷத்துக்குப் பக்கம் ஆகிறது. மான் பெருகினால் சின்னச் செடிகளைத் தின்றுவிடும், ஒன்றும் மரமாகாது, குளிர்காலத்தில் மானும் பட்டினி கிடந்து சாகும். யாரோ ஒருவர் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்கிறவருக்குக் கண் இருக்கக் கூடாது என்று ஏன் நினைக்கிறீர்கள்? மான் எந்தப் பக்கம் திரும்பும், எப்போது காதை மடக்கும் என்று அவரை விட யாருக்குத் தெரியும்?

சரி, என் கதை. நானும் டி.எஸ்.சி. என்கிற மான் வேட்டைச் சான்றிதழில் லெவல் ஒன்று முடித்தவன்தான். நார்ஃபோக்கில் ஒரு விவசாயியின் நிலத்தில் ரோ என்கிற சின்ன மான் வகையைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு. ஜூலைக் கடைசி, விடியற்காலை, மரத்தில் கட்டிய மேடையில் இருக்கிறேன். ரோ மானுக்கு இணைசேரும் காலம் அதுதான். பெட்டை ஒன்று கோதுமை வயலிலிருந்து வெளியே வந்தது, பின்னாலேயே கிடா. இரண்டும் மேடைக்குக் கீழே இருந்த முட்புதரைச் சுற்ற ஆரம்பித்தன. ஓட்டம் என்றும் சொல்ல முடியாது, நடை என்றும் சொல்ல முடியாது, ஒரு சீரான குதி. கிடாவின் மூக்கு பெட்டையின் வாலில் ஒட்டியே இருக்கிறது. செக்கு மாடு மாதிரி அதே வட்டம், அதே வட்டம். பெட்டை மெல்லிசாகக் கீச்சிட, கிடா ஒவ்வொரு அடிக்கும் மூச்சைத் தள்ளுகிறது. புல் படுத்து, மண் தெரிய ஆரம்பித்துவிட்டது. அந்தக் கிடாவைச் சுடலாம், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சீசன்தான். கை போகவில்லை. போனைத்தான் எடுத்தேன். வீடியோவில் பாதி என் முழங்கால்.

இதில் இன்னொரு விஷயம். கோடையில் சேர்ந்தாலும் கரு டிசம்பர், ஜனவரி வரை வளராமல் சும்மா கிடக்கும், அப்புறம்தான் கருப்பையில் ஒட்டும். குட்டி பிறப்பது மே, ஜூனில். அடுத்த மே மாதம் அதே புதர்ப் பக்கம் போய்ப் பார்த்தேன். இரட்டைக் குட்டி. அது அந்தச் சுற்றில் வந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ரோஜாத்தோட்டம்:

நீங்களெல்லாம் மலை, மேடை என்கிறீர்கள். பெட்ஃபோர்ட்ஷையரில் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கே முன்ட்ஜாக் வருகிறது. நம்ம ஊர் கேளையாட்டின் சீனத்துச் சொந்தம், ஒரு நாயளவுதான் உயரம். ட்ரெயில் கேமரா வைத்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு லென்ஸுக்கு நேரே வந்து நின்று, கண்ணுக்குக் கீழே இருக்கிற அந்தச் சுரப்பிக் குழியை முழுசாக விரித்து, நாக்கை நீட்டி அதையே நக்கிவிட்டுப் போகிறது. அப்புறம் ரோஜா மொட்டு எல்லாம் காலி. வீட்டுக்காரர் வேலி போடச் சொல்கிறார். நான் இரண்டாவது கேமரா வாங்கியிருக்கிறேன்.

கீழ்க்காற்று:

நியூ ஃபாரஸ்டில் ஃபாலோ மான் கிடா ஒன்று ஓக் மரத்தடியில் நின்று ஏப்பம் விடுகிற மாதிரி விடாமல் கனைத்ததைப் பார்த்தேன், காலடியில் தொட்டுவிடும் தூரத்தில் பெட்டை படுத்திருந்து அசை போட்டது. அவ்வளவுதான் என் கதை.

மேலே எழுதியவர்களுக்குச் சில விஷயம். கேட்காமலே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் காற்று. மான் உங்களைப் பார்த்தால் யோசிக்கும், மோந்தால் யோசிக்காது, போய்விடும். ஒரு சின்ன பாட்டிலில் டால்கம் பவுடர் போட்டு அவ்வப்போது பீய்ச்சிப் பாருங்கள். மலைக் குடைவுகளில் காற்று சுழலும், கீழே ஒரு திசை, மேலே ஒரு திசை. அடுத்து, துணி. மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கல், நீலம் நன்றாகத் தெரியும். ‘பளிச் வெண்மை’ சோப்புத் தூளில் துவைத்த பச்சைச் சட்டை மானின் கண்ணுக்கு நீலமாக மினுங்கும், அதை விடப் பழைய கம்பளி மேல். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். கேமராவில் ஷட்டர் சத்தத்தை நிறுத்துங்கள். அது ‘க்ளிக்’ என்றதும் காது திரும்புவதைத்தான் முக்கால்வாசிப் பேர் ‘மான் என்னைப் பார்த்தது’ என்று போட்டோ போடுகிறார்கள். மே, ஜூனில் புல்லுக்குள் தனியாகப் படுத்திருக்கும் குட்டியைக் கண்டால் தொடாதீர்கள், தூக்கிக்கொண்டு விலங்கு மருத்துவரிடம் ஓடாதீர்கள். தாய் பக்கத்தில்தான் மேய்கிறது, நீங்கள் போனால்தான் வரும். பன்னத்துக்குள் போய் வந்தால் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள். உண்ணி கடித்து வரும் லைம் நோய் விளையாட்டில்லை. கடைசியாக, பெட்டையின் குரல் மாதிரி விசில் ஊதி ரோ கிடாவை வரவழைத்துப் படம் எடுக்கிறவர்கள் ஒரே இடத்தில் தினமும் ஊதாதீர்கள். வந்து ஏமாந்த கிடா அடுத்த தடவை வராது.

மரமேடை:

கீழ்க்காற்று, நான் விசில் ஊதவில்லை. அவை தானாக வந்தன. சோப்புத் தூள் விஷயமும் இங்கே பலர் நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை. அசையாமல் உட்கார்ந்தால் ஜீன்ஸ் போட்டவனையும் மான் கட்டை என்றுதான் நினைக்கும்.

கீழ்க்காற்று:

உங்களைச் சொல்லவில்லை ஐயா. பொதுவாகச் சொன்னேன். ஜீன்ஸ் விஷயத்தில் மாற மாட்டேன்.

அடையாறுக்காரன்:

ஐ.ஐ.டி. வளாகத்தில் புள்ளிமான் நடுவில் சைக்கிள் ஓட்டிப் படித்தவன் நான், மான் என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அபர்டீன் வந்த பிறகு ஒரு மான் என்னைப் பார்த்து ஓடியபோதுதான் முதல்முதலாக அதைப் பார்க்கத் தோன்றியது. ஓடாத மானில் என்ன இருக்கிறது என்று ரிச்மண்ட்காரர்கள் சொல்லட்டும்.

தேம்ஸ்கரை:

அடையாறுக்காரன், அக்டோபரில் வாருங்கள். ஓடாத மான் உங்களை ஓட வைக்கும்.

பெட்டைமான்:

எல்லோரும் கொம்பையே கதைக்கிறீர்கள். பன்னிரண்டு கிளை இருந்தால் ‘ராயல்’, அது இது என்று. எனக்கு விடாமல் ஞாபகம் வருவது கொம்பில்லாதது ஒன்று.

பெர்த்ஷையரில் ஜனவரி, தரையெல்லாம் பனி. என் கணவர் அங்கே ஸ்டாக்கருக்கு உதவிக்குப் போகிறவர், நான் தொலைநோக்கியோடு பின்னால். பெண் மான் சீசன் பிப்ரவரி 15 வரை. இந்த வேலையில் சுடுவது ஒரு நொடி, மீதி முழுக்கப் பார்ப்பதுதான். எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. தாயை எடுத்துவிட்டுக் குட்டியை விட்டால் அது அந்தக் குளிரில் தங்காது. எடுத்தால் இரண்டையும் எடுக்க வேண்டும். ஆகவே எது எதன் பின்னால் போகிறது, எது எதன் மடியில் முட்டுகிறது என்று மூவரும் படுத்துக்கொண்டு பார்க்கிறோம். மேட்டுநிலவாசி, உங்கள் நண்பரின் சிரிப்புக்கு அர்த்தம் தேட வேண்டாம். இப்படி மணிக்கணக்கில் பார்க்கிறவருக்கு அந்தக் கூட்டத்தின் குடும்பக் கதையே தெரிந்துவிடுகிறது.

கூட்டத்தில் ஒரு கிழப் பெட்டை. முகம் நரைத்து, முதுகு குழிந்து. அதற்குக் குட்டி இல்லை, அதாவது நாங்கள் தேடி வந்ததே அதைத்தான். ஆனால் எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுப்பதும் அதுவே. மற்றவை பனியைக் காலால் தோண்டி மேயும்போது இது மட்டும் எங்கள் பாறையைப் பார்த்தது. முன்னங்காலால் ஒருமுறை தரையைத் தட்டியது. மீண்டும் தட்டியது. ஒரே குரைப்பு, மொத்தக் கூட்டமும் ஒரு வரிசையாக மேடேறிப் போயிற்று. ஸ்டாக்கர் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், ஆனால் முகமெல்லாம் பல். அடுத்த சீசனில் வேறொன்றை எடுத்தார்கள். இதை விட்டுவிட்டார்கள் என்று கணவர் சொன்னார், காரணம் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்.

மரமேடைக்கு: அந்த வீடியோவைப் போடுங்கள். முழங்கால் தெரிந்தாலும் பரவாயில்லை.