32,000 பைனாகுலர்: வந்ததா, வரவில்லையா?

லென்சுதாசன்:
நேற்று இங்கே ஒரு மகானுபாவர், "முதல் உலகப் போரில், 1914 செப்டம்பரில் எதிரி நாட்டு வணிகத் தடைச் சட்டம் போட்டதும் பிரிட்டனுக்குள் ஒரு ஜெர்மன் ஆணிகூட நுழையவில்லை" என்று எழுதியிருந்தார். ஐயா, அடுத்த ஆகஸ்டிலேயே அதே பிரிட்டன் சுவிட்சர்லாந்துக்கு ஆள் அனுப்பி ஜெர்மனியிடம் பைனாகுலர் கேட்டது. பதிலுக்கு ரப்பர். 32,000 பைனாகுலர்!

சட்டப்புலி:
அந்த மகானுபாவர் நான்தான். பிரிட்டிஷ் போர்த்தளவாட அமைச்சகத்தின் அதிகாரபூர்வ வரலாற்றில் இருப்பது ஜெர்மனி தர முன்வந்த எண்ணிக்கை. வந்து இறங்கியதற்கு ரசீது எங்கே?

லென்சுதாசன்:
ரசீதா? சண்டை நடக்கும்போது எதிரியிடம் வாங்கியதை யாராவது ரசீது போட்டுக் கம்பியில் குத்தி வைப்பார்களா? போருக்கு முன் பிரிட்டனின் ஒளியியல் கண்ணாடியில் பத்தில் ஆறு பங்கு ஜெர்மனியைச் சார்ந்தது. உள்ளூரில் சான்ஸ் பிரதர்ஸ் என்ற கண்ணாடி நிறுவனம் தந்தது பத்தில் ஒரு பங்கு. 1914லேயே பிரிட்டிஷ் பீல்டு மார்ஷல் லார்டு ராபர்ட்ஸ், "வீட்டில் இருக்கும் பைனாகுலரைப் படைக்குக் கொடுங்கள்" என்று மக்களிடம் கையேந்தினார். அவர்களா 32,000ஐ வேண்டாம் என்பார்கள்?

சட்டப்புலி:
பசி இருக்கிறது, ஆகவே சாப்பிட்டாகிவிட்டது. அபாரம்.

சும்மாபார்வை:
பைனாகுலரை விடுங்கள். கடல் முற்றுகையில் ரப்பருக்குத் தவித்துக்கொண்டிருந்த ஜெர்மனிக்கே ரப்பர் தரப் பேசினார்களே, அது சரியா?

சாயப்பெட்டி:
சாயத்தை எல்லாரும் மறந்தாயிற்று. ஜெர்மன் சாயம் நின்றதும் பீகாரில் அவுரிச் சாகுபடிக்கு மறுபடி உயிர் வந்தது. 1916இல் 'டாய்ச்லாண்ட்' என்ற ஜெர்மன் சரக்கு நீர்மூழ்கி சாயம் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் பால்டிமோருக்கே போனது.

லென்சுதாசன்:
அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. பேச்சு எதிரி நாட்டைப் பற்றி. தலைப்பைப் படித்துவிட்டு வாருங்கள்.

சாயப்பெட்டி:
எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது அக்டோபரில் என்று போன மாதம் எழுதியவர் எனக்குப் பாடம் எடுக்கிறார். செப்டம்பர் 22, சார்.

லென்சுதாசன்:
அது தட்டச்சுப் பிழை! இன்னும் எத்தனை முறை சொல்வது?

சட்டப்புலி:
மாதம் மாறினால் தட்டச்சுப் பிழை, பேரம் சரக்காக மாறினால் வரலாறு. நீர்தான் சரியான எம்டன்.

லென்சுதாசன்:
கிண்டல் இருக்கட்டும். தரம் பார்க்க வேண்டுமானால், பிடிபட்ட ஜெர்மன் அதிகாரிகளிடம் இருக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜெர்மன் தரப்பே சொன்னதும் நீங்கள் காட்டும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது. இவ்வளவு தூரம் போன பேரம் பாதியில் நிற்குமா? அப்புறம், அரசு உரிமம் கொடுத்தால் தடை பொருந்தாது என்று அந்தக் காலத்து அறிவிப்பிலேயே வழி வைத்திருந்தார்கள். சட்டப்புலிக்கு அதுகூடத் தெரியவில்லை.

சட்டப்புலி:
வழி இருந்தது, மாதிரியும் இருந்தது. சரக்கு?

லென்சுதாசன்:
32,000.

சட்டப்புலி:
ரசீது?

சும்மாபார்வை:
ரப்பருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.