அப்பாவின் குரலுக்குப் பயிற்சி தருகிறவர் யாரையாவது தெரியுமா?

வணக்கம் சொந்தங்களே, யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குப் பார்க்கின்சன் (நடுக்குவாதம்) வந்து 6 வருடம் ஆகிறது. மாத்திரை வேளாவேளைக்குப் போகிறது, அதில் குறையில்லை, ஆனால் சமையலறை நிலைப்படி வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி அப்படியே நின்றுவிடுகிறார். தரையில் வரிசையாக மஞ்சள் டேப் ஒட்டி, "கோட்டைத் தாண்டுங்கப்பா" என்றால் சட்டென்று தாண்டிவிடுகிறார்! காவடிச்சிந்து போட்டால் தாளத்துக்கு நடை இன்னும் சீராகிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் நானே கைதட்டுவேன்.

இப்போது கவலை குரல்தான். கோயிலில் திருப்புகழ் பாடிய மனிதர், இன்று மொகிங்கா (இங்கத்திய மீன் சூப் நூடுல்ஸ்) கடைக்காரம்மாவிடம் ஒரு கிண்ணம் கேட்டால் அந்தம்மாவுக்குக் காதில் விழுவதில்லை. ஒரு இடத்தில் காட்டினோம், வயசாச்சு அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். எல்எஸ்விடி லவுட் என்று உரக்கப் பேசிப் பழக்கும் பயிற்சி இருக்கிறது, வாரம் 4 நாள், 4 வாரம், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். அதைத் தமிழிலோ பர்மிய மொழியிலோ, வீடியோவிலாவது சொல்லித்தருகிறவர் இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. அதற்கும் அதே ஆளைத்தான் பார்க்க வேண்டுமா?