ஒலிவெட்டி லெட்டெரா 32: கேரேஜ் நகரவில்லை, மெக்கானிக் வேண்டும்

அண்ணாச்சிமார்களே, அப்பா கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து இங்கிலீஷில் மனு அடித்துக் கொடுத்த போர்ட்டபிள் டைப்ரைட்டர் இது. எந்த எழுத்தை அடித்தாலும் கேரேஜ் (காகிதத்தைத் தாங்கி நகரும் மேல்பகுதி) அடுத்த இடத்துக்கு நகர மாட்டேங்குது. ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழுகிறது.

ஒலிவெட்டி லெட்டெரா 32, இத்தாலியில் செய்தது. இந்த மாடல் 1963-ல்தான் வந்தது, அதனால் அதற்கு முந்தியதாக இருக்காது. வரிசை எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தேய்ந்துபோச்சு. அப்பா போன பிறகு ஆறு வருஷம் பரணில் கிடந்தது. போன தை மாசம்தான் இறக்கினேன்.

முதலில் சில எழுத்துகள் அடித்தால் திரும்பாமல் ஒட்டிக்கொண்டன. யாரோ முன்னால் தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்கிறார்கள், அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. ஸ்பிரிட்டைத் தொட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் சரியாகிவிட்டது. அடியில் கழற்றிப் பார்த்தால் கேரேஜை இழுக்கும் கயிறு அறுந்து தொங்குகிறது. தூண்டில் நரம்பு கட்டினேன். நாலு எழுத்து ஓடிவிட்டு நின்றது, அந்தக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் ஸ்பிரிங் டிரம் இப்போது வெறுமனே சுற்றுகிறது. பாளையங்கோட்டையில் காட்டிய கடையில் "பாகம் கிடைக்காது" என்று திருப்பிவிட்டார்கள். பழைய சாமான் எடுப்பவர் 1,500 ரூபாய் தருகிறேன் என்றார். விற்கிற எண்ணமே இல்லை, அதில் அடிக்கணும்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கம் போர்ட்டபிள் மெஷினில் ஸ்பிரிங் டிரம் முறுக்கி கயிறு மாட்டத் தெரிந்த மெக்கானிக் யார் இருக்கிறார்?