லுவார் நதிக்கரை சைக்கிள் பயணம்: எட்டு நாள், கூடாரம், எந்தத் திசையில் போவது?

புதுமிதி:
வணக்கம். மே கடைசி வாரத்தில் இரண்டு பேர் பிரான்ஸில் சைக்கிளில் போகிறோம். மிதிக்க எட்டு நாள் இருக்கிறது. பாரிஸில் இறங்கி பாரிஸிலேயே விமானம் ஏற வேண்டும். ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் போதும். சொந்த ஹைபிரிட் சைக்கிள், 32 மி.மீ. டயர், பின்னால் கேரியர், இரண்டு பக்கப் பை. கூடாரத்தில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவதாகத் திட்டம்.

இரண்டு பாதை பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று ஓர்லேயோனிலிருந்து நாந்த் வரை லுவார் நதிக்கரை. இன்னொன்று துலூஸிலிருந்து செத் வரை மிடி கால்வாய். லுவார் என்றால் ஆறு ஓடும் திசையில் இறக்கமாக இருக்கும் என்பதால் ஓர்லேயோனில் தொடங்க நினைக்கிறோம். சரியா? ரயிலில் சைக்கிள் ஏற்றுவது எப்படி? இருவரும் சைவம், முட்டை உண்டு.

ஆரக்கால்:
லுவாரையே எடுங்கள். திசையை மட்டும் திருப்புங்கள். மேற்கே இருக்கும் நாந்தில் தொடங்கி கிழக்கே ஓர்லேயோனில் முடிப்பது நல்லது.

இறக்கக் கணக்கு இதுதான். ஓர்லேயோன் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரம், நாந்த் கிட்டத்தட்ட கடல்மட்டம். நடுவில் பாதை சுமார் 400 கி.மீ. அதாவது கிலோமீட்டருக்கு 25 செ.மீ. இறக்கம். காலுக்கு அது தெரியவே தெரியாது. தெரிவது காற்று. அந்தப் பள்ளத்தாக்கில் அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேற்கு, தென்மேற்குக் காற்றுதான் அதிகம். பாதையில் பல பகுதிகள் வெள்ளத் தடுப்புக் கரைமேட்டின் மேலேயே போகின்றன. அங்கே மரம் மட்டை எதுவும் இல்லை. நீங்கள் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகும்போது 20 கி.மீ. காற்று எதிரே அடித்தால் உடம்பில் மோதுவது 35. அதே காற்று பின்னால் வந்தால் தள்ளிவிடும். பக்கப் பை மாட்டிய சைக்கிளில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

மேடு அதிகம் இல்லை. ஆனால் 'முழுக்கச் சமதளம்' என்று விளம்பரத்தில் போடுவதை அப்படியே நம்ப வேண்டாம். சோமூரைத் தாண்டி சூசே-ஷாம்பிஞியில் பாதை குகை வீடுகளுக்கு நடுவே ஏறி இறங்கும். காந்த்-சேன்-மார்த்தேனிலிருந்து ஷினோன் போகும் வழியிலும் ஏற்றம் உண்டு. சின்ன ஏற்றங்கள்தான், ஆனால் கூடாரச் சுமையோடு போனால் கடைசிக் கியர் தேவைப்படும். இந்த இரண்டு இடத்துக்கும் பயந்து பெருஞ்சாலைக்குப் போய்விடாதீர்கள். பயணத்தின் அழகே சோமூருக்கும் அம்புவாஸுக்கும் இடையில்தான் இருக்கிறது.

கரைமேடு:
திசை பற்றிச் சொன்னது சரி, ஒரு திருத்தத்தோடு. வசந்த காலத்தில் வானம் தெளிந்து அழுத்தம் கூடினால் வடகிழக்குக் காற்று சில நாள் தொடர்ந்து அடிக்கும். அதற்காகத் திட்டத்தை மாற்ற வேண்டாம். அந்த நாட்களில் காலை ஏழு மணிக்கே கிளம்பி, காற்று வலுக்கும் மதியத்துக்குள் தூரத்தை முடித்துவிடுங்கள்.

என் கவலை வேறு. 400 கி.மீ.யை எட்டால் வகுத்தால் சரியாக 50. மழைக்கு ஒரு நாள், ஷம்போர் அரண்மனைக்கு ஒரு நாள் என்று எடுக்க இடமே இல்லை. ஆகவே நாந்தை விட்டுவிட்டு அதற்குக் கிழக்கே இருக்கும் ஆஞ்சே நகரில் தொடங்குங்கள். 100 கி.மீ.க்கு மேல் குறையும். பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஆஞ்சேக்குக் கிழக்கே கரையோரமாக சேன்-மாத்துரேன், அப்புறம் சோமூர், ஷினோன், அஸே-லெ-ரிதோ, வில்லாண்ட்ரி வழியாக தூர். பிறகு அம்புவாஸ், புளுவா, போஜான்சி, ஓர்லேயோன். புளுவாவில் இரண்டு இரவு தங்கி, சுமையில்லாத சைக்கிளில் ஷம்போர் போய்த் திரும்பலாம். களைத்துவிட்டால் கவலை இல்லை, சோமூர், தூர், அம்புவாஸ், புளுவா, போஜான்சி எல்லாவற்றிலும் ரயில் நிலையம் உண்டு.

மிடி கால்வாயை இந்த டயரோடு தொட வேண்டாம். 1681இல் முடிந்த கால்வாய், 240 கி.மீ., பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் துலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. போல மட்டுமே நல்ல தார்ப்பாதை. அதற்குப் பிறகு பல இடங்களில் படகு இழுக்கப் போட்ட பழைய மண்பாதை, குறுக்கே பிளேன் மர வேர்கள். மழை பெய்தால் களிமண் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரமே சுற்றாது. நிழல் கிடைக்கும் என்று போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2006இலிருந்து ஒரு பூஞ்சை நோயால் அந்த மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். கால்வாய்தான் வேண்டும் என்றால் துலூஸுக்கு மேற்கே, பொர்தோ பக்கம் போகும் கரோன் கால்வாயைப் பாருங்கள். 193 கி.மீ., நல்ல தளம், அஜேன் நகரில் ஆற்றின் மேலேயே கால்வாய் போகும் 539 மீட்டர் கல்பாலம். பாரிஸிலிருந்து தூரம்தான் இடிக்கிறது.

மூன்றாம்_கியர்:
சைக்கிளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன்.

லுவாரில் 32 மி.மீ. ஓடும். ஆனால் ஃபோர்க்கிலும் மட்கார்டிலும் இடம் இருந்தால் 38 அல்லது 40க்கு மாறுங்கள். பாதையின் கணிசமான பகுதி இறுக்கிய சுண்ணாம்புக் கல்தூள். காய்ந்திருக்கும்போது தார் மாதிரி இருக்கும், மழையில் வெள்ளைப் பசை. அந்தப் பசை செயினில் ஏறி எண்ணெயை உறிஞ்சிவிடும். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே போய் உப்புக் காகிதம் மாதிரி அரைக்கும். மழை நாள் முடிந்ததும் ரிம்மையும் கட்டையையும் தண்ணீர் விட்டுக் கழுவி, செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஐந்து நிமிட வேலை. டிஸ்க் பிரேக் என்றால் ஒரு ஜோடி பேட் கூடுதலாக எடுங்கள், ஈரக் கல்தூளில் ரெசின் பேட் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சுமை 15 கிலோவுக்குள் இருக்கட்டும். முழுவதும் பின் சக்கரத்தில் வைத்தால் முறிவது பெரும்பாலும் செயின் பக்கத்து ஸ்போக் கம்பிதான். அந்தப் பக்கம் கம்பிகள் சாய்வு குறைந்து ஏறக்குறையச் செங்குத்தாக நிற்பதால் இழுவிசை கூடுதல். சரியான நீளத்தில் மூன்று கம்பியை ஃபிரேமில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். கூடவே கேசட்டை (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை) கழற்றும் கருவியும் வேண்டும். அது இல்லாமல் அந்தப் பக்கம் கம்பி மாற்ற முடியாது. கேரியர் போல்ட்டுகள் அதிர்வில் தளரும். கிளம்புமுன் த்ரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முடுக்கி, தினமும் காலையில் விரலால் திருகிப் பாருங்கள்.

ஆஞ்சே, தூர், ஓர்லேயோன் மூன்றிலும் டிராம் ஓடுகிறது. தண்டவாளப் பள்ளத்தில் டயர் விழுந்தால் ஆளும் விழுவார். எப்போதும் நேர்க்குறுக்காகக் கடந்து போங்கள். ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

ஆரக்கால்:
ஆஞ்சே யோசனை என்னுடையதைவிட நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ரயில் விஷயம் சொல்லிவிடுகிறேன்.

அதிவேக ரயிலில் சைக்கிளைக் கழற்றி 130 × 90 செ.மீ.க்கு மிகாத பையில் போட்டால் சாமானாகக் கொண்டுபோகலாம். கழற்றாமல் ஏற்ற சில வண்டிகளில் மட்டும் இடம் உண்டு, தனிக் கட்டணத்தோடு முன்பதிவு செய்ய வேண்டும். மே மாதத்தில் அசென்ஷன் (இயேசு விண்ணேற்ற விழா) விடுமுறை வாரம் வந்தால் அந்த இடங்கள் முதலில் தீர்ந்துவிடும், ஆகவே விமானச் சீட்டு எடுத்த கையோடு பாருங்கள். திரும்பும்போது சிக்கல் குறைவு. ஓர்லேயோனிலிருந்து பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் போகும் பிராந்திய ரயிலில் கழற்றாமலே ஏற்றலாம். சீசனில் சைக்கிளுக்கு முன்பதிவு உண்டா என்று முதல் நாளே பாருங்கள். பல வண்டிகள் நகர நிலையத்துக்கு வராமல் வடக்கே லே-சோப்ரே நிலையத்தில் நின்றுவிடும். சீட்டில் எந்த நிலையம் என்று படித்துவிட்டு அங்கே போங்கள்.

பெட்டிக்குள் முன் சக்கரத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்ட வேண்டிவரும். வண்டி வருமுன்பே பைகளைக் கழற்றி ஒருவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நிற்கும் நேரம் குறைவு.

விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது இடது பெடல் மரை தலைகீழ் என்பது நினைவிருக்கட்டும். கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். பின் டெரெய்லரை (கியர் மாற்றும் கருவியை) கழற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிடுங்கள். அப்படியே விட்டால் பெட்டி கீழே விழுந்ததும் வளைவது அதைத் தாங்கும் ஹேங்கர்தான். அதில் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள், மாடலுக்கு மாடல் வேறு என்பதால் அங்கே கிராமத்துக் கடையில் கிடைக்காது.

புதுமிதி:
மிக்க நன்றி. ஆஞ்சே முடிவாகிவிட்டது, 38 டயரும் சொல்லிவிட்டோம். இரண்டு சந்தேகம். அடுப்புக்குக் கேஸ் அங்கே எளிதாகக் கிடைக்குமா? வழியில் சைவச் சாப்பாடு, தண்ணீர்?

கரைமேடு:
கேஸ் டப்பாவில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விமானத்தில் கொண்டுவர முடியாது. கிராமத்துக் கடைகளிலும் முகாம்களிலும் அதிகம் இருப்பது நீல நிற, சொருகும் வகை. நம்மிடம் இருக்கும் அடுப்பு பெரும்பாலும் மரை போட்டுத் திருகும் வகை, இரண்டும் பொருந்தாது. மரை டப்பாவை ஆஞ்சேயிலேயே விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கிவிடுங்கள். இருவருக்கு எட்டு நாள் காலை, இரவு சமையலுக்கு 450 கிராம் டப்பா ஒன்று போதும்.

சாப்பாட்டில் கிழமை முக்கியம். ஞாயிறு மதியத்தோடு கிராமங்களில் கடை மூடிவிடும். திங்கள் பல கடைகளுக்கு விடுமுறை. ஆகவே ஞாயிறு காலையிலேயே மூன்று வேளைக்கு வாங்கி வையுங்கள். உணவகத்தில் மதியச் சமையல் 12 முதல் 2 வரைதான். 2 மணி தாண்டிப் போய் நின்றால் அடுப்பு அணைந்திருக்கும்.

சைவம் என்று சொன்னாலும் சாலட்டில் 'லார்தோன்' என்று பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள், கீஷ் லொரேன் என்ற முட்டைப் பையிலும் அதுதான். 'சான் வியாந்த், சான் லார்தோன்' (இறைச்சி இல்லாமல், லார்தோன் இல்லாமல்) என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ஆட்டுப்பால் சீஸ் அந்தப் பகுதியின் சிறப்பு, நடுவில் வைக்கோல் தண்டு செருகிய சேந்த்-மோர் என்ற சீஸ் அங்கேதான் செய்கிறார்கள். ஆனால் பாரம்பரிய சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டு உறைய வைப்பது வழக்கம். கறாரான சைவம் என்றால் அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். மற்றபடி டப்பாவில் கொண்டைக்கடலை, லெண்டில் (மைசூர்ப் பருப்பு வகை) எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பெரும்பாலான கிராமங்களில் அங்கே ஒரு குழாய் இருக்கும். 'ஓ நோன் பொத்தாப்ல்' (eau non potable) என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

லுவாரில் மட்டும் இறங்கிக் குளிக்காதீர்கள். மணல்திட்டு பார்க்க ஆழமில்லாத மாதிரி இருக்கும். நீரோட்டம் அடியில் மணலை அரித்துக்கொண்டே இருப்பதால் காலடியில் திட்டு அப்படியே சரிந்துவிடும்.

மூன்றாம்_கியர்:
சட்டம் ஒன்றிரண்டு. ஊருக்கு வெளியே இரவிலும் வெளிச்சம் குறைந்த நேரத்திலும் ஒளிரும் மேலங்கி கட்டாயம், இல்லாவிட்டால் 35 யூரோ அபராதம். காதில் இயர்போன் மாட்டினால் 135 யூரோ. கிராமத்துச் சந்திப்பில் பலகை எதுவும் இல்லையென்றால் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. சந்து மாதிரி தெரியும் தெருவிலிருந்து வரும் காரும் நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.